முக்காலித் தலையும் பெட்டியில் அச்சிட்ட கிலோகிராமும்

கொழும்பில் கமராக் கடைக்குள் நுழைந்து முக்காலித் தலை வேண்டும் என்று கேட்பவரின் முதற் கேள்வி அநேகமாக "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதாகவே இருக்கிறது. கடைக்காரரும் பெட்டியைத் திருப்பிப் பார்த்து எட்டு, பதினைந்து, சில வேளைகளில் முப்பது என்று ஓர் எண்ணைச் சொல்கிறார். கமராவும் லென்ஸும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டப்போவதில்லை என்பதால் கேட்டவரும் மனநிறைவோடு பணத்தைக் கட்டிவிடுகிறார். அடுத்த சனிக்கிழமை காலையில் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் 600 மில்லிமீற்றர் லென்ஸைப் பூட்டி, நாணலோரம் நிற்கும் செந்நாரையைச் சட்டகத்தின் நடுவில் நிறுத்தி, குமிழை இறுக்கிக் கையை எடுத்ததும் லென்ஸின் முனை மெல்லத் தாழ்கிறது; நாரையின் தலை சட்டகத்தின் மேல் விளிம்பில் வெட்டுப்படுகிறது. பதினைந்து கிலோ தாங்கும் என்று எழுதப்பட்ட தலை, மூன்று கிலோகூட இல்லாத சுமையிடம் ஏன் தோற்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அது விளங்கிவிட்டால், எடை குறைந்த தலையொன்றைத் தெரிவுசெய்வது பெருமளவு இலகுவாகிவிடும்.

தலையின் இரண்டு வேலைகள்

முக்காலியின் கால்களுக்கும் கமராவுக்கும் இடையில் பூட்டப்பட்டிருக்கும் பாகமே தலை. கமராவை விரும்பிய திசைக்குத் தடையின்றித் திரும்ப விடுவது அதன் முதல் வேலை. திரும்பிய இடத்தில் அசையாமல் வைத்திருப்பது இரண்டாவது வேலை. காலிமுகத்திடலில் மாலை வெளிச்சத்தில் பல விநாடி நேரத் திறப்புடன் கடலைப் படமெடுப்பவருக்கு இரண்டாவது வேலையே முக்கியம். தியவன்னா ஓயாவின் மேல் பறக்கும் கூழைக்கடாவைத் தொடர்பவருக்கோ தலை பூட்டப்பட்டிருப்பதே இடைஞ்சல். லென்ஸ் கையோடு சேர்ந்து ஓட வேண்டும், கையை விட்டாலும் விழாமல் நிற்க வேண்டும். பயணப் படங்களுக்கும் வனவிலங்குப் படங்களுக்கும் ஒரே தலை போதும் என்று எதிர்பார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஏனெனில் இரண்டு வேலைகளையும் ஒரே அளவு திறமையோடு செய்யும் எடை குறைந்த தலை என்று ஒன்று இல்லை. ஒன்றில் நன்றாகச் செய்து மற்றதில் சமாளிக்கும் தலைகளே உள்ளன.

துலாவும் அதன் அச்சும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்து இறைத்த காலத்தைப் பார்த்திராதவர்களும் அதன் அமைப்பை அறிந்திருப்பார்கள். இரண்டு ஆடுகால்களுக்கு இடையே ஓர் அச்சு. அந்த அச்சில் பொருத்திய நீண்ட மரம். அதன் ஒரு முனையில் நீர் மொள்ளும் பட்டை. மறு முனையில் அதை ஈடுசெய்யும் பாரம். துலா மரத்தைத் தனியாளாகத் தூக்கிவிட முடியாது. ஆயினும் அச்சின் இருபுறமும் பாரம் சமனாகிவிட்டால் அதை ஆட்டுவதற்குச் சிறிதளவு பலமே போதும். அதே மரத்தைக் கழற்றி, உச்சியில் பாரத்தோடு நட்டுக்குத்தாக நிறுத்திப் பிடிக்கச் சொன்னால் நிலைமை வேறு. அது நேராக நிற்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. சற்றுச் சாய்ந்தாலோ மேலும் மேலும் சாய்ந்து ஆளையே இழுத்துக்கொண்டு விழும்.

பாரத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். அச்சுக்கும் பாரத்துக்கும் இடையிலான உறவே மாறியது. ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாகக் கருதத்தக்க இடத்தைப் புவியீர்ப்பு மையம் என்பர். லென்ஸும் கமராவும் பூட்டிய நிலையில் அந்த மையம் பெரும்பாலும் லென்ஸின் உடலுக்குள், அதன் பாதத்துக்கு (தலையில் பூட்டுவதற்காக லென்ஸின் அடியில் உள்ள பாகம்) நேர் மேலே எங்கோ இருக்கும். வழக்கமான தலைகளில், அதாவது கிண்ணத்துக்குள் பந்தொன்று சுழலும் பந்துத் தலை போன்றவற்றில், இந்த மையம் சுழலும் புள்ளிக்கு மேலே இருக்கிறது. அது நட்டுக்குத்தாக நிறுத்திய மரத்தின் நிலை. லென்ஸை ஒரு கரத்தின் பக்கத்தில் தொட்டிலில் தாங்கும் கிம்பல் தலையில் மையம் அச்சிலேயே இருக்கிறது. அது ஆடுகாலில் ஏற்றிய துலாவின் நிலை.

கிலோகிராம் சொல்லாதது என்ன

சாய்ந்த பாரம் சுழலும் புள்ளியைச் சுற்றித் திருப்ப முயலும் அளவைத் திருப்பம் என்று பாடசாலை விஞ்ஞானத்தில் படித்திருக்கிறோம். பாரத்தை அதன் கிடைத் தூரத்தால் பெருக்கினால் திருப்பம் கிடைக்கும். இரண்டு கிலோ லென்ஸும் 700 கிராம் கமராவும் சேர்ந்து ஏறக்குறைய 26.5 நியூற்றன் பாரம். அதன் புவியீர்ப்பு மையம் பந்தின் நடுவிலிருந்து 12 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லென்ஸ் கிடையாக, மையம் பந்துக்கு நேர் மேலே இருக்கும்போது திருப்பம் பூச்சியம். அந்த நிலையில் தலை முப்பது கிலோவையும் தாங்கக்கூடும். 20 பாகை சாய்த்தால் திருப்பம் 1 நியூற்றன் மீற்றரைச் சற்றுத் தாண்டுகிறது. மர உச்சியில் இருக்கும் கழுகை நோக்கி 45 பாகை உயர்த்தினால் அது ஏறக்குறைய 2.25 நியூற்றன் மீற்றர். பாரம் ஒரு கிராம்கூட ஏறவில்லை, தலையின் சிரமம் மட்டும் ஏறியிருக்கிறது.

இந்தத் திருப்பத்தை எதிர்ப்பது பந்தைக் கவ்வியிருக்கும் கிண்ணத்தின் உராய்வு மட்டுமே. அந்த உராய்வு பந்தின் ஆரையில் வேலை செய்கிறது. 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய பந்து மேற்சொன்ன 2.25ஐத் தடுத்து நிறுத்த, தோராயமாக 150 நியூற்றன் உராய்வு விசை வேண்டும்; 44 மில்லிமீற்றர் பந்துக்கு ஏறக்குறைய 100 போதும். ஆகவே பெரிய பந்துள்ள தலையைக் குறைவாக இறுக்கினாலே பிடித்துக்கொள்ளும், சிறிய பந்துள்ளதைக் கை நோக இறுக்க வேண்டியிருக்கும். உற்பத்தியாளர்கள் அச்சிடும் கிலோகிராமை எந்தச் சாய்வில், எந்த உயரத்தில் பாரத்தை வைத்து அளந்தார்கள் என்பதற்குப் பொதுவான நியமம் இல்லை. எனவே இரு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. என்னைக் கேட்டால், பெட்டியிலுள்ள எண்களில் முதலில் பார்க்க வேண்டியது பந்தின் விட்டமே.

சுருங்கச் சொன்னால், தலையைச் சோதிப்பது எடை அன்று, சுழலும் புள்ளியிலிருந்து அந்த எடை எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே.

நீண்ட லென்ஸ் ஏன் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறது

முழுச்சட்டகக் கமராவில் (36 மில்லிமீற்றர் அகலமான உணரி உள்ளது) 24 மில்லிமீற்றர் லென்ஸ் கிடையாக ஏறக்குறைய 74 பாகை அகலத்தைக் காண்கிறது. 500 மில்லிமீற்றர் லென்ஸ் காண்பது 4 பாகை மட்டுமே. சட்டகத்தின் அகலம் 6000 படப்புள்ளிகள் என்றால், 500 மில்லிமீற்றரில் ஒரு படப்புள்ளிக்கு உரிய கோணம் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. சுழலும் புள்ளியிலிருந்து 30 சென்ரிமீற்றர் முன்னே இருக்கும் லென்ஸ் முனை ஒரு மில்லிமீற்றரின் 250இல் ஒரு பங்கு நகர்ந்தாலே படம் ஒரு புள்ளி நகர்ந்துவிடும். அகன்ற லென்ஸில் பல ஆண்டுகள் குறையே தெரியாமல் உழைத்த தலை, நீண்ட லென்ஸைப் பூட்டிய அன்றே காலைவாருவது இதனால்தான்.

இங்கே இரண்டு பண்புகளைப் பிரித்தறிய வேண்டும். விசை பட்டால் எவ்வளவு குறைவாக வளைகிறது என்பது விறைப்பு. வளைந்து அதிரத் தொடங்கிய பின் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது தணிப்பு. குமிழை இறுக்கியதும் நாரை மேலே போனது விறைப்புக் குறைவினால். பெத்தகானவிலோ தலவத்துகொட தியசரு பூங்காவிலோ பலகை நடைபாதையில் யாராவது பின்னால் நடந்து போகும்போது திரையில் படம் துள்ளி, அவர் போய்ச் சேர்ந்த பின்னும் நடுங்கிக்கொண்டிருந்தால் அது தணிப்புக் குறைவினால். இந்த இரண்டாவதில் தலையை மட்டும் குறைசொல்ல முடியாது. காலும் பலகையும் பங்காளிகள். அத்தகைய இடத்தில் நடப்பவர் கடந்து செல்லும் வரை பொறுத்திருப்பதைவிடச் சிறந்த தீர்வு எந்தக் கடையிலும் இல்லை.

வகைகள்

கைப்பிடிகள் துருத்திக்கொண்டிருக்கும் மூவழித் தலைகள் கட்டடங்களையும் பொருள்களையும் அளந்து படமெடுப்போருக்கு உகந்தவை. பற்சக்கரத் தலைகள் அதிலும் நுட்பமானவை. இரண்டும் பயணப் பைக்கு இடைஞ்சல், பறவைக்கு மந்தம். பாகான எண்ணெய்ப் பசையின் தடையால் சீராக அசையும் வீடியோத் தலைகளை, தொலைநோக்கி வைத்துப் பறவை பார்ப்போர் விரும்புகிறார்கள். வீடியோவும் எடுப்பவர் சிறிய அளவிலான ஒன்றைக் கவனிக்கலாம். மற்றவர்கள் பின்வரும் இரண்டையும் விளங்கிக்கொண்டால் போதும்.

பந்துத் தலை

கடைகளில் போல் ஹெட் என்று கேட்டால் கிடைப்பது இதுவே. ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பந்து. பந்தின் மேல் ஒரு கவ்வி. குமிழைத் தளர்த்தினால் எல்லாத் திசைகளிலும் ஒருங்கே அசையும், இறுக்கினால் எல்லாம் ஒருங்கே நிற்கும். 30 மில்லிமீற்றர் பந்துள்ளவை 300 கிராம் அளவிலும், 40 மில்லிமீற்றரைச் சுற்றியவை 400 முதல் 500 கிராம் அளவிலும், 55 மில்லிமீற்றர் பந்துள்ளவை 800 கிராமுக்கு மேலும் இருக்கின்றன. பயணத்துக்கு இதை வெல்லும் வகை இல்லை.

வாங்கும்போது குமிழ்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பூட்டும் குமிழ் ஒன்று, அடிப்பாகத்தைக் கிடையாகத் திருப்பும் குமிழ் ஒன்று என இரண்டு மட்டும் உள்ளவை மலிவானவை. மூன்றாவதாக ஓர் இறுக்கக் கட்டுப்பாடு உள்ள தலையையே நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூட்டைத் தளர்த்தினாலும் பந்தில் எவ்வளவு உராய்வு எஞ்சியிருக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டுப்பாடு தீர்மானிக்கிறது. அது இல்லாத தலையில் குமிழைத் தளர்த்திய கணத்திலேயே லென்ஸ் முன்னே குப்புற விழுந்து, கால்களில் மோதி, விரலையும் நசுக்கும். இருந்தாலும் உராய்வைக் கூட்டக் கூட அசைவும் கனத்துவிடுவதால், பறக்கும் பறவையைப் பந்துத் தலையில் தொடர்வது எப்போதும் அரைகுறைதான். தூக்கத்தில் இருக்கும் ஆந்தைக்கும், மீன் வரும்வரை அசையாமல் நிற்கும் கொக்குக்கும் அது தாராளம்.

கிம்பல் தலை

இங்கே லென்ஸ் தலையின் மேல் உட்காருவதில்லை. ஒரு கரத்தின் பக்கத்தில் தொட்டிலில் கிடக்கிறது. மேலும் கீழும் சாய்வதற்கு ஓர் அச்சு, இடமும் வலமும் திரும்புவதற்கு ஓர் அச்சு. சரியாகச் சமன்செய்தால் மூன்று கிலோக் கருவியை இரண்டு விரல்களால் நகர்த்தலாம். கையை எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

சமன்செய்தல் இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் சாய்வுக் குமிழைத் தளர்த்தி, லென்ஸைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, அதன் பாதத்தைக் கவ்வியில் முன்னும் பின்னும் நகர்த்தி, முனை தாழாமலும் உயராமலும் நிற்கும் இடத்தைக் கண்டு பூட்ட வேண்டும். பின்னர் லென்ஸை மேல் நோக்கிச் சாய்த்துக் கையை மெல்ல எடுக்க வேண்டும். அது மேலும் சாய்ந்தால் புவியீர்ப்பு மையம் அச்சுக்கு மேலே இருக்கிறது, தொட்டிலை இறக்க வேண்டும். தானாகக் கிடைநிலைக்குத் திரும்பினால் மையம் கீழே இருக்கிறது, தொட்டிலை உயர்த்த வேண்டும். பெரிதாக்கும் லென்ஸ்களில் சில, 150இலிருந்து 600 மில்லிமீற்றருக்கு நீளும்போது முன்பாரமும் கூடுவதால், அடிக்கடி பயன்படுத்தும் நீளத்தில் வைத்துச் சமன்செய்வதே நடைமுறை. உடலுக்குள்ளேயே பெரிதாக்கும் லென்ஸ்களில், உதாரணமாகச் சொனியின் 200-600 போன்றவற்றில், இந்தத் தொல்லை மிகக் குறைவு.

குறை எடைதான். கனரக கிம்பல்கள் ஒன்றரைக் கிலோவை நெருங்குகின்றன. அதோடு அகன்ற லென்ஸ் பூட்டிய கமராவைப் பக்கவாட்டில் சரித்து அடிவானத்தைச் சீர்செய்ய அதில் வழியில்லை. நிலக்காட்சிக்கு அது உதவாத தலை.

இரண்டுக்கும் நடுவே

பயணமும் பறவையும் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்காகவே பக்கவாட்டுக் கிம்பல் இணைப்புகள் வந்தன. பந்துத் தலையின் கவ்வியை அதன் பக்கத்துப் பள்ளத்துக்குள் சரித்துப் பூட்டி, அதில் இந்த இணைப்பைப் பொருத்தினால், பந்துத் தலையின் அடிப்பாகம் கிடைத் திருப்பத்தையும் இணைப்பு சாய்வையும் பார்த்துக்கொள்ளும். ஏறக்குறைய 600 கிராமுக்குள் அடங்கும் இத்தகைய இணைப்புடன், 40 மில்லிமீற்றர் பந்துள்ள ஒரு தலையும் சேர்ந்தால் மொத்தம் ஒரு கிலோவைச் சுற்றியே வரும். இணைப்பைக் கழற்றினால் சாதாரணப் பயணத் தலை மிஞ்சும். லென்ஸைப் பக்கவாட்டில் பூட்டுவதால், கவ்வி முழுமையாக இறுகும் வரை ஒரு கையால் லென்ஸைத் தாங்கிப் பிடிப்பது கட்டாயம்.

கனன் 100-500 போல ஒன்றரைக் கிலோ அளவிலான லென்ஸுக்கு நல்லதொரு பந்துத் தலை மட்டுமே போதும் என்பேன். சிக்மா 150-600, சொனி 200-600, நிக்கோன் 180-600 என இரண்டு கிலோவைத் தொடுபவற்றை வைத்து ஓரிடத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பவர், இணைப்புக்கான எடையை முணுமுணுக்காமல் சுமப்பதே நல்லது. எடையைக் குறைக்க வேண்டுமானால் பந்தைச் சிறிதாக்குவதைவிட முக்காலியின் நடுத்தண்டைக் கழற்றி வீட்டில் வைப்பது மேல். நீண்ட லென்ஸில் அந்தத் தண்டை உயர்த்தினால் படம் நடுங்குவதுதான் மிச்சம்.

இதுவரை கண்டதன் சாரம்: நிற்பதைப் படமெடுக்கப் பந்து, நகர்வதைத் தொடரக் கிம்பல், இரண்டும் வேண்டுவோருக்குப் பந்தோடு ஓர் இணைப்பு.

எங்கே போகிறோம் என்பதும் ஒரு கணக்கு

யாலவிலும் வில்பத்துவிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வாகனத்தை விட்டு இறங்க முடியாது. ஜீப்பின் இருக்கைகளுக்கு இடையே முக்காலியின் மூன்று கால்களையும் விரிப்பது வீண் முயற்சி. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் அதிர்வு முழுவதும் கால்வழியே ஏறும். அங்கே கம்பியின் மேல் போடும் ஒரு துணிப்பையே சிறந்த தலை. வெறும் பையாகக் கொண்டுபோய், தங்குமிடத்துக்கு அருகிலுள்ள பலசரக்குக் கடையில் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொண்டால் பயணத்தில் எடையும் இல்லை. சஃபாரிக்காக மட்டும் கிம்பல் வாங்க நினைப்பவர் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

நடக்கும் இடங்களின் கதை வேறு. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு எனப்படும் மலைவிளிம்புக்குச் சென்று திரும்பும் சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். அங்கே ஒவ்வொரு நூறு கிராமும் தோளில் தெரியும். சிங்கராஜக் காட்டின் உள்ளே வெளிச்சம் குறைவு, பாதை ஒடுக்கம். ஒற்றைக்காலியும் அதன்மேல் முன்பின் மட்டும் சாயும் சிறிய தலையுமே அங்கு ஒத்துவரும். மன்னாரில் பூநாரைகளுக்காகக் கரையோரம் காத்திருப்பதும், கொழும்பின் சதுப்பு நிலங்களில் காலை முழுவதும் உட்கார்ந்திருப்பதும் கிம்பல் இணைப்புக்குப் பொருத்தமான வேலைகள். 2018ஆம் ஆண்டு ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில் வாழ்பவருக்கு, பறவைப் படத்துக்காக ஊர் தாண்ட வேண்டிய அவசியமும் அவ்வளவாக இல்லை. வானூர்தியில் போகிறவர், கைப்பொதிக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோவையே அனுமதிக்கின்றன என்பதை நினைவில் வைத்து, தலையைக் கழற்றிப் பொதிக்குள் அனுப்பிவிடலாம். லென்ஸ் மட்டும் கையில் இருக்கட்டும்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் ஈரத்துணியால் தலையைத் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். உப்பும் மணலும் சேர்ந்தால் பந்தின் மேற்பரப்பில் கீறல் விழும். இலகுவாக அசையட்டும் என்று பந்துக்கு எண்ணெய் பூசுவது பெருந்தவறு. பந்துத் தலைகள் பெரும்பாலும் உலர் உராய்வை நம்பியே செய்யப்பட்டவை.

தகடும் கவ்வியும்

லென்ஸின் பாதத்தில் திருகிப் பூட்டும் தகடு, தலையின் கவ்விக்குள் பொருந்துகிறது. ஆர்கா-சுவிஸ் முறை என்று அறியப்படும், ஏறக்குறைய 38 மில்லிமீற்றர் அகலமுள்ள, ஓரம் சரிந்த தகட்டையே இன்று பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். அளவுகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடு உண்டு. திருகிக் குறுக்கும் கவ்வி அந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும்; நெம்பித் திறக்கும் கவ்விகளில் சில பொறுத்துக்கொள்ளாது. கலவையாகத் தகடுகள் வைத்திருப்பவர் திருகுக் கவ்வியையே தெரிவுசெய்யட்டும். தகட்டின் இரு முனைகளிலும் அடியில் சிறு தடுப்புத் திருகுகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கவ்வி தற்செயலாகத் தளர்ந்தால் லென்ஸ் நழுவி விழாமல் காப்பவை அவையே. நீண்ட லென்ஸுக்குப் பாதத்தைவிட நீளமான தகடு வாங்குவது நல்லது. சமன்செய்ய முன்பின் நகர்த்த இடம் வேண்டுமல்லவா?

பணம் கொடுக்குமுன்

உங்கள் கமராவையும் நீங்கள் வைத்திருப்பவற்றிலேயே மிக நீண்ட லென்ஸையும் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். தலையை உறுதியான முக்காலியொன்றில் பூட்டச் சொல்லி, தெருவுக்கு எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தைச் சட்டகத்தின் நடுவில் வைத்து, குமிழை இறுக்கிக் கையை எடுங்கள். எழுத்து எவ்வளவு மேலே போகிறது என்று பாருங்கள். சிறிதளவு நகர்வது எல்லாத் தலைகளிலும் உண்டு. எழுத்தின் உயரத்துக்கு மேல் நகர்ந்தால் அடுத்த தலையைக் கேளுங்கள். பின்னர் திரையில் அந்த எழுத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸின் முனையை விரலால் ஒருமுறை தட்டி, நடுக்கம் அடங்க எத்தனை விநாடி எடுக்கிறது என்று எண்ணுங்கள். லென்ஸின் அதிர்வுக் குறைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அது இந்தச் சோதனையைப் பொய்யாக்கிவிடும்; அதை முதலில் நிறுத்திவிடுங்கள். இறுதியாக இறுக்கக் கட்டுப்பாட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டி, லென்ஸ் தானாக விழாமலும் கைக்கு அடங்கியும் அசையும் ஓரிடம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அந்த இடம் குமிழின் ஒரு மயிரிழைத் திருப்பத்துக்குள் மட்டுமே இருந்தால், கையுறையோடோ வியர்த்த விரல்களோடோ வெளியில் நிற்கும்போது அதை மறுபடியும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தலையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.